குழந்தைவேலின் தள்ளாட்டம்

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் இவர்கள்: கரட்டுப்புதூர் மேட்டுவீட்டு அர்த்தநாரி, அவர் மகன் கதிரவன், மருமகள் ஹரிணி, பேத்தி இயலினி, பேத்திக்கு நிச்சயம் செய்திருந்த பையனின் தகப்பனார் சிவமலை, டாக்டர் ஹசீனா. ஏழாவது ஆள் இல்லை. கதவுக்கு வெளியே நின்று எல்லாம் கேட்டேன் என்று இன்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அன்று கோயம்புத்தூரிலேயே இல்லை.

சிவமலை அங்கே இருந்ததற்குக் காரணம் அர்த்தநாரிதான். பெண் வீட்டு மருத்துவ விஷயத்தில் சம்பந்தி எதற்கு என்று கதிரவன் கேட்டான். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் முடிந்துவிட்டது, இனி இயலினி பாதி அவர்கள் வீட்டுப் பெண், நல்லதோ கெட்டதோ டாக்டர் சொல்வது அவர் காதிலும் விழட்டும் என்றார் பெரியவர். மேட்டுவீட்டில் எதையும் ஒளித்துப் பழக்கமில்லை என்பதைச் சம்பந்தி கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்பது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். நாற்காலியில் சாயாமல், தேர்வுக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இயலினிக்குக் கால்கள் விறைத்துக்கொண்டே வந்தன. கல்லூரியில் சேர்ந்த வருடம் படியில் தடுக்கியதில் தொடங்கியது. இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது. பையன் அவளோடு படித்தவன், அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். சிகிச்சை முடிந்து பெண் நடந்து மணவறைக்கு வரட்டும் என்று சிவமலை ஒரு வார்த்தை போட்டிருந்தார். அந்த வார்த்தையில்தான் கல்யாணம் தொங்கியது.

டாக்டர் சுவரில் ஒரு படத்தை விரித்தார். ஆறு உருவங்கள் கைகோத்து வட்டமாக நிற்பது போல இருந்தது.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அடுப்பு மாதிரி ஒண்ணு இருக்குங்க ஐயா. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அந்த அடுப்புக்கு ரெண்டு சுவர். உள்சுவர் மடிப்பு மடிப்பா இருக்கும், அங்கதான் உடம்புக்கு வேணுங்கற சக்தி தயாராகுது. அந்த உள்சுவத்துலயே பதிஞ்சு உட்கார்ந்திருக்கற வெட்டு நொதி இது. சுவத்துல கெட்டுப்போன புரதத்தை உருவி எடுத்துத் துண்டு போடும். புதுசா வர்ற புரதத்துல வேண்டாத பாகத்தை நறுக்கிட்டு வேலைக்கு அனுப்பும்."

"டெய்லராட்டம்னு சொல்லுங்க" என்றார் சிவமலை. "பழந்துணியும் கிழிக்கறான், புதுத்துணியும் வெட்டறான்."

"அதேதாங்க."

"அளவு தப்புனா ஜாக்கெட்டு மாப்பிள்ளைக்குத்தான் சேரும்."

இயலினி சிரித்துவிட்டாள். ஹரிணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த வளையத்துல ரெண்டு வகை ஆளுங்க" என்று டாக்டர் தொடர்ந்தார். "மூத்தவன், இளையவன்னு வெச்சுக்குவோம். ரெண்டு பேரும் கலந்து கைகோத்தாத்தான் வெட்டு அளவா இருக்கும். இயலினிக்கு இளையவன் பழுது. அப்பா கிட்ட இருந்து ஒரு பழுது, அம்மா கிட்ட இருந்து ஒரு பழுது, ரெண்டும் சேர்ந்துடுச்சு. நீங்க சொந்தத்துக்குள்ளயே கட்டினவங்க, அதனால இது அதிசயம் இல்ல. உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறது. அடுப்பு மங்கினா மொதல்ல அங்கதான் தெரியும்."

"மருந்து?" என்றார் அர்த்தநாரி.

"புது இளையவனை நாங்க வடிவமைச்சிருக்கோம். ஒரே ஊசி. செல்லுக்குள்ள போய் அதுவே தன்னைத் தயாரிச்சுக்கும். இயற்கையில இருக்கறதைவிட வேகமா வெட்டும். ஆனா உள்ள போனதைத் திரும்ப வெளிய எடுக்க முடியாது. அதனால ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

அவர் படத்தில் மூத்தவன் மேல் விரல் வைத்தார்.

"இவனை உருவாக்கற மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. ஐயா கிட்ட இருந்து கதிரவன் சார் வழியா இயலினிக்கு வந்திருக்கு. உலகத்துல வேற எந்தக் குடும்பத்துலயும் இது பதிவாகல. மச்சம் மாதிரி சும்மா கிடக்கற மாற்றமா, கெட்ட மாற்றமான்னு கணினிங்க பாதிப் பாதியாச் சொல்லுது. குடும்பத்தைக் கேட்டாத்தான் தெரியும். சும்மா கிடக்கறதுன்னா நாளைக்கே ஊசி போடலாம். கெட்டதுன்னா இந்த ஊசி கூடவே கூடாது. மூத்தவனை மொதல்ல சரி பண்ணிட்டுத்தான் இளையவன் கிட்ட போகணும். சில வருஷம் பிடிக்கும், ஆனா வழி இருக்கு."

"சில வருஷமா?" என்றாள் இயலினி. "அதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரை விழுந்துரும்."

"தெரிஞ்சுக்க என்ன கேட்கணுங்க டாக்டர்?" என்றாள் ஹரிணி.

"மூத்தவன் கெட்டுப்போன வீடுகள்ல நடு வயசுல சிலருக்கு நடை தள்ளாடும். பேச்சு குழறும். கண் இமை தொங்கும். எல்லாருக்கும் வராது, ஐயாவுக்கு வரல பாருங்க. ஆனா ஒருத்தருக்காவது வந்திருக்கும். ஐயா வழியில அப்படி யாராவது இருந்தாங்களா?"

அர்த்தநாரி பதில் சொல்ல வாயெடுக்குமுன் சிவமலை முந்திக்கொண்டார்.

"மாமாவுக்கு ஒரு தம்பி இருந்தாருங்களே. எங்கய்யன் சொல்லும், மேட்டுவீட்டுச் சின்னவரு நடந்து வந்தா அவருக்கு ரோட்டு அகலம் பத்தாதுன்னு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா."

"இதுல தப்பென்ன" என்றார் அர்த்தநாரி. குரல் அசையவில்லை. "குழந்தைவேல்னு என்ற தம்பி. குடிச்சான் அம்மிணி. குடிச்சுக் குடிச்சே அழிஞ்சான்."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். "குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தள்ளாட்டம் இருந்துச்சுங்களா?"

"இல்லை."

"கண் இமை?"

"குடிகாரன் கண்ணு வேற எப்படி இருக்கும்?"

"அதுக்கில்லீங்க ஐயா, எனக்கு உறுதியாத் தெரியணும்."

"எங்க வம்சத்துல குடிச்சவன் அவன் ஒருத்தன்தான். சம்பந்தி முன்னால சொல்லக் கூசுது, இருந்தாலும் சொல்லிட்டேன். இதுக்கு மேல எங்கிட்ட என்ன உறுதி வேணும்?"

டாக்டர் தலையசைத்தார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் தலையசைத்திருப்பார்கள். தன் வீட்டு அழுக்கைத் தானே சம்பந்தி முன்னால் எடுத்துக் காட்டுகிற மனிதர் பொய் சொல்கிறார் என்று யாருக்குத் தோன்றும்?

குழந்தைவேல் ஒரு சொட்டுகூடக் குடித்தவரில்லை.

வாலிபால் விளையாட்டில் சுற்று வட்டாரத்தில் அவருக்கு ஈடு கிடையாது. முப்பது வயதைத் தாண்டியதும் பந்து கைக்கு எட்டாமல் போயிற்று. பிறகு வரப்பில் நடக்கையில் சாய்ந்தார். பிறகு பேச்சு கொழகொழத்தது. அப்போது மேட்டுவீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள், அர்த்தநாரியின் தங்கைகள். ஊர் கேட்கத் தொடங்கியதும் தகப்பனார் மூத்த மகனைத் தென்னந்தோப்புக்கு அழைத்துப் போனார். நோவு என்று சொன்னால் அது வீட்டோடு ஒட்டிக்கொள்ளும், குடி என்று சொன்னால் அவனோடு போய்விடும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அர்த்தநாரி தாராபுரம் வரை போய், முகம் தெரியாத கடையில் பாட்டில்கள் வாங்கி, உரச்சாக்கில் போட்டுக் கொண்டு வந்தார். சாராயத்தைத் தென்னம்பாத்தியில் ஊற்றினார். காலிப் பாட்டில்களை, ஆட்கள் வந்து போகிற மோட்டார் ரூம் வாசலில் சாய்த்து வைத்தார். ஊர் மற்றதைத் தானே பார்த்துக்கொண்டது. தங்கைகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. தம்பி மனைவி பாட்டில்களைப் பார்த்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீடு போனாள்.

ஒரு நாள் குழந்தைவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அறைக்கு வந்தார். "அண்ணா, நான் குடிக்கறேன்னு சொல்றாங்க. இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன். நான் சொன்னா வாய் குழறுது, சிரிக்கறாங்க. உன்ற பேச்சுன்னா ஊர் கேட்கும்."

"போய்ப் படு" என்றார் அர்த்தநாரி.

அடுத்த மழைக்காலத்தில் வாய்க்காலில் விழுந்து போய்ச் சேர்ந்தார் தம்பி. குடித்துவிட்டு விழுந்தார் என்று சொன்னார்கள். வீடு மறுக்கவில்லை.

இத்தனையும் அந்த ஆஸ்பத்திரி அறையில் அர்த்தநாரியின் மனத்தில் ஓடியது. டாக்டர் சொன்ன எழுத்து எங்கே போய் வேலை செய்தது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. படிப்பாளி அவர். வேளாண் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தனியாகப் பேசியது எதற்கு என்று சிவமலை கேட்பார். ஊசி ஏன் தள்ளிப்போனது என்று கேட்பார். இயலினிக்குப் பின்னால் மென்மொழி இருக்கிறாள், கதிரவனின் இளைய மகள். இரண்டு பெண்கள். மறுபடியும் இரண்டு பெண்கள். ஒரு எழுத்துதானே, கணினியே பாதி சும்மா கிடக்கிறது என்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குதிரை நொண்டி என்று தெரிந்துகொண்டே பந்தயம் கட்டுகிறவன் அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

மறுநாள் காலை ஊசிக்கு முன்னால் இயலினி தாத்தாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாரு, ஒண்ணு கேட்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"காலேஜ்ல மொத மொதலா நான் தடுமாறினப்ப பசங்க என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னைக்கு எத்தனை ரவுண்டு இயலுன்னு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நேத்து நீங்க உங்க தம்பி சின்னப்பாருவைப் பத்திச் சொன்னீங்கல்ல, அப்பத்தான் இது ஞாபகம் வந்துச்சு. அவர் நெசமாலுமே குடிச்சாருங்களா?"

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே சிவமலை யாரிடமோ, இளநீர் கிடைக்குமா, பெண்ணுக்குச் சூடு தணியும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சான் கண்ணு" என்றார் அர்த்தநாரி. "நான் கண்ணால பார்த்தேன்."

"சரிங்க அப்பாரு" என்று அவள் கையை நர்ஸிடம் நீட்டினாள்.

முதலில் எல்லாம் அற்புதமாக நடந்தது. விறைப்பு இளகியது. ஊன்றுகோலை எறிந்தாள். தோப்பைச் சுற்றி வந்தாள். மென்மொழியைத் துரத்திப் பிடித்தாள். சிவமலை வந்து பார்த்து, "என்ன மாமா, மருமக ஓட்டப் பந்தயத்துக்குப் போறாளா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டுவிட்டு முகூர்த்தம் குறித்துக்கொண்டு போனார். அந்த வாரம் அர்த்தநாரி பல வருடம் கழித்துப் பாயாசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுத்து சும்மாதான் கிடந்திருக்கிறது என்று நம்பினார். தம்பிக்கு வந்தது வேறு ஏதோ என்றுகூட நினைத்துக்கொண்டார்.

கல்யாணப் பத்திரிகையைச் சாமி முன்னால் வைக்க மலைக்கோயிலுக்குப் போனார்கள். பாதிப் படியில் இயலினி பக்கவாட்டில் சாய்ந்தாள். எழுந்தாள், மறுபடி சாய்ந்தாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வந்தது கொழகொழத்து வந்தது. இடது கண் இமை பாதி இறங்கியிருந்தது. படியேறிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

"காலங்கெட்டுக் கிடக்குது. பொட்டப்புள்ள குடிச்சுப்போட்டுக் கோயிலுக்கு வருது."

இயலினிக்கு அது கேட்டது. அவள் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேல்படியில் நின்ற அர்த்தநாரியைப் பார்த்தாள். அவள் கேட்க வந்தது வாயில் ஒழுங்காக வரவில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்தது.

"சின்னப்பாரு குடிக்கல. அப்படித்தானே அப்பாரு?"

ஆமாம் என்று அவர் தலையை அசைத்தார். கதிரவன் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

டாக்டர் ஹசீனாவின் அறையில் இம்முறை சிவமலை இல்லை. அர்த்தநாரி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில், உரச்சாக்கு, மோட்டார் ரூம், எதையும் விடவில்லை. ஹரிணி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதிரவன், "அப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான்.

டாக்டர் அதே படத்தை மேசைமேல் விரித்தார்.

"கெட்டுப்போன மூத்தவனோட நாங்க அனுப்பின இளையவன் கைகோத்துடுச்சுங்க ஐயா. இது வேகமா வெட்டறது, அதுக்கு அளவு சொல்ல ஆளில்ல. உள்சுவர் மடிப்பையெல்லாம் இழுத்துப் பிடிச்சிருக்கற புரதம் ஒண்ணு இருக்கு. அதையும் வெட்டிட்டு இருக்கு. மடிப்பு குலைஞ்சு ஒவ்வொரு அடுப்பா அணையுது. கால்ல ஆரம்பிச்சது இப்ப மூளைக்கு வந்திருக்கு. இருதயத்துக்கும் போகும்."

"நிறுத்துங்க" என்றாள் ஹரிணி. "எதையாவது குடுத்து நிறுத்துங்க."

"வெளியில இருந்து குடுத்த மருந்தா இருந்தா நிறுத்தியிருப்பேன் அம்மா. இப்ப அவ உடம்பே அதைச் செஞ்சுக்குது." அவர் அர்த்தநாரியை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "கூடப் பிறந்தவனைக் குடிகாரன்னு சொல்ற அளவுக்கு நேர்மையான மனுஷன்னு உங்களை நினைச்சுட்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும். நான் கேட்கல."

இயலினி அறுவடைக்கு முன்பே போய்விட்டாள். பேச்சு முழுக்கப் போவதற்கு முன்னால் தாத்தாவிடம் ஒன்று சொன்னாள். வார்த்தை வார்த்தையாகப் பிய்த்துச் சொன்னாள். பக்கத்தில் ஹரிணி இருந்தாள்.

"ஊர்ல சொல்லிருங்க. அவர் குடிக்கலன்னு."

கருமாதி அன்று பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. சடங்கு முடிந்து சாப்பாட்டுக்கு எழுமுன் அர்த்தநாரி எழுந்து நின்றார். மேட்டுவீட்டுப் பெரியவர் எழுந்தால் கூட்டம் அடங்கும். அடங்கியது.

"என்ற தம்பி குழந்தைவேல் குடிச்சதில்லை" என்றார். "பாட்டிலை வெச்சது நான். அவனுக்கு இருந்தது நோவு. எங்க ரத்தத்துல இருக்கற நோவு. அதைச் சொல்லாம விட்டதாலதான் இந்தப் புள்ள போச்சு. அடுத்தவளுக்கும் அந்த எழுத்து இருக்கலாம். இனிப் பொண்ணு குடுக்கறவங்க, எடுக்கறவங்க, பரிசோதிச்சுக் கேட்டுக்கங்க."

பந்தலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதிரவன் விரைந்து வந்து தகப்பனாரின் முழங்கையைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான்.

"அப்பாவுக்குக் கொஞ்ச நாளா மறதிங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "பேத்தி போன அதிர்ச்சி வேற. செத்துப்போன சித்தப்பாவைப் பத்தி என்னென்னமோ பேசறாரு. டாக்டர் கிட்டயும் இப்படித்தான், ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிட்டாரு."

"எனக்கு எந்த மறதியும் இல்லடா."

"உட்காருங்கப்பா."

"வயசாச்சில்லீங்களா" என்றார் சிவமலை. அவர் கண் கலங்கியிருந்தது. கிழவரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "எங்கய்யனும் கடைசியில இப்படித்தான். செத்தவங்களோடயே பேசிட்டு இருக்கும். வாங்க மாமா, ரெண்டு வாய் சாப்பிடுங்க."

அர்த்தநாரி மருமகளைத் தேடினார். ஹரிணிக்கு எல்லாம் தெரியும். டாக்டர் அறையில் நின்று கேட்டவள், மகள் கடைசியாகச் சொன்னதையும் கேட்டவள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மென்மொழி. ஹரிணி இளைய மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். மாமனாரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

கூட்டம் இலையில் உட்கார்ந்தது.

அதன் பிறகும் அர்த்தநாரி சில காலம் இருந்தார். பார்க்க வருகிறவர்கள் குழந்தையிடம் பேசுவது போலச் சத்தம் போட்டு, "என்னைத் தெரியுதுங்களா?" என்று கேட்டார்கள். அவர் அவர்களுடைய பெயரையும், தகப்பன் பெயரையும், எந்தத் தோட்டம், எந்தக் கிணறு என்பதையும் சொன்னார். பரவாயில்லையே, இன்றைக்கு நினைவு நன்றாக இருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே போனார்கள். டாக்டர் ஹசீனா வேலையை விட்டுவிட்டார். மென்மொழிக்கு, கேட்டு வந்தவர்களில் நெருங்கிய சொந்தத்திலேயே ஒரு பையனைப் பார்த்து முடித்தார்கள். பரிசோதனை ஏதும் செய்யவில்லை. அவ்வளவு நல்ல இடத்தில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று கதிரவன் நினைத்தான்.

மேட்டுவீட்டு அர்த்தநாரிக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்துவிட்டது, அதனால்தான் தம்பியைப் பற்றி டாக்டரிடம் சரியாகச் சொல்ல முடியாமல் போய்விட்டது என்று கரட்டுப்புதூரிலும் சுற்று வட்டாரத்திலும் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவருக்கு மறதி இருந்ததில்லை.